நாலு விரல் மிச்சம்

அந்த ஒர்க் ஷாப்பில் பிரேக் வேலை பார்ப்பது யார் என்று கேட்டால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டரைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். வண்டிக்கு அடியில் கிரீசும் புழுதியுமாகக் கிடப்பவள் அவர் மனைவி. அவளுக்கு அந்தத் தெரு வைத்த பேர் பெடல் அக்கா. வேலை செய்கிறவளுக்குப் பட்டப்பேர், நாற்காலிக்கு மாஸ்டர் பட்டம். இது எந்த ஊர் நியாயம் என்று அவள் கேட்காத நாளில்லை. அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதுமில்லை.

பேர் வந்த கதை இதுதான். பிரேக் லைனுக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். கல்யாணமான மறு மாதம், மிதிக்கிற ஆள் வரவில்லை என்று மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்தார். மிதி, பிடி, விடு. பதினோரு வருஷம் அவர் அவளிடம் பகலில் பேசியது பெரும்பாலும் இந்த மூன்று சொல்தான். மாமியாரைக் கேட்டால், "சும்மா உக்காந்துதானே இருக்கா" என்பார்.

சும்மாவாம்! அந்தச் சும்மாவில் அவள் கால் என்னென்ன கற்றுக்கொண்டது என்று மாமியாருக்கு எங்கே தெரியும்? பெடல் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. மிதித்ததும் காலுக்கடியில் துடித்தால், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம் கோணல். மாஸ்டர் அடியில் படுத்து அரைமணி நேரம் தேடுவதை அவள் சீட்டிலிருந்தே சொல்லிவிடுவாள். பன்னிரண்டாம் வருஷம் மாஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலிக்குப் போனார், அவள் வண்டிக்கு அடியில் போனாள்.

அதற்கப்புறமும் வருகிறவன் எல்லாம் வண்டிக்குக் கீழே குனிந்து, "அண்ணன் இல்லையாக்கா?" என்றுதான் கேட்பான். இன்ன கோளாறு என்று அவள் அடியிலிருந்து சொல்வாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். மாஸ்டர் தொண்டையைச் செருமி அதையே கொஞ்சம் கட்டைக் குரலில் சொல்வார். "அப்படிச் சொல்லுங்கண்ணே" என்று அவன் முகம் மலர்ந்துவிடும். மற்றவர்களை விடுங்கள், கூடப் பிறந்த தம்பியே அப்படித்தான்.

தம்பியிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு நர்சையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிப் போவான். பிரசவ வலி கண்ட பெண்களைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குவான். தார் பாதி வழியோடு நின்றுவிடும், மிச்சமெல்லாம் பாறையும் பள்ளமும்தான். அடி தட்டுகிறது என்று வேறெங்கோ போய் உயரமான ஸ்பிரிங்கும் யானைக்கால் மாதிரி டயரும் போட்டுக்கொண்டு வந்தான். ஓட்டம் கூடியது, நிற்பது குறைந்தது. அந்தப் பெரிய டயரைப் பழைய டிரம் பிரேக்கால் பிடிக்க முடியவில்லை. ஒரு இறக்கத்தில் வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் மண்மேட்டில் முட்டி நின்றபோது, உள்ளே நிறைமாசக்காரி ஒருத்தி இருந்தாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்து, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவதற்காக அக்காவிடம் வந்தான்.

அவள் மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். டிரம்மைக் கழற்றி டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் ஏற்றினாள், பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக மாற்றினாள். மிச்சம் இருந்தது ஹோஸ் மட்டும்தான். சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய் அது. நீளமானது வேண்டும் என்று கடையில் சொல்லி வைத்தாள், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து எழுந்து வந்து பார்த்தால், தம்பி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எங்கடா கிளம்பிட்ட? ஹோஸ் வந்துடுச்சா?"

"மாமா பழசையே போட்டுக் குடுத்துட்டார்க்கா. மதியம் நர்சம்மாவை ஏத்திட்டு மேல போகணும். மேல ரெண்டு பேருக்கு நாள் நெருங்கிடுச்சாம்."

"டேப் வச்சு அளந்துட்டேன்," என்றார் மாஸ்டர் நாற்காலியிலிருந்து. "நாலு விரல் மிச்சம் இருக்கு. ரோட்ல ஓட்டியும் பாத்தாச்சு. சும்மா கல்லு மாதிரி நிக்குது."

அவள் தம்பியை இறங்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். உறுதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் இறங்கிப் போய் ஜாக்கியை எடுத்து வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிக்கு அடியில் வைத்துத் தூக்கினாள். வண்டி எழும்ப எழும்பச் சக்கரம் கீழே தொங்கிக்கொண்டே போனது. மாஸ்டரின் நாலு விரல் மூன்றானது, இரண்டானது, காணாமல் போனது. ஹோஸ் துணி காயப்போடும் கொடி போல விறைத்துக்கொண்டது. சக்கரம் இன்னும் இரண்டு அங்குலம் இறங்க இருந்தது.

"இங்க வந்து பாருங்க ரெண்டு பேரும்."

மாஸ்டர் வந்து பார்த்தார். வாசலில் வேறு இரண்டு வண்டிக்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"இப்படித் தொங்க விட்டா எந்த ஹோஸ்தான் இழுக்காது? எவன் சக்கரத்தைத் தொங்க விட்டு வண்டி ஓட்டுறான்?"

கேட்டீர்களா கேள்வியை. பள்ளத்தில் சக்கரம் தொங்கத் தொங்க ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி அது. அதை வழவழவென்று தளம் போட்ட தரையில் நிறுத்தி வைத்து அளந்திருக்கிறார் இந்த மனுஷர். அளந்தவரைத்தான் விடுங்கள். அந்தப் பள்ளத்தில் தினமும் ஓட்டுகிற தம்பி என்ன சொன்னான் தெரியுமா?

"மாமாவுக்குத் தெரியாதாக்கா? முப்பது வருஷ சர்வீஸ். உனக்கு எதை எடுத்தாலும் குத்தம்தான்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சின்ன வயசில் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி, அவன் உயிரைக் காப்பாற்றுவதற்கு அவனிடமே மன்றாட வேண்டியிருக்கிறது. இவன் உயிர் மட்டுமா? இறக்கத்தில் பின்சீட்டில் வலியோடு படுத்திருக்கப் போகிறவள் யார் பெற்ற பெண்ணோ. பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் போனால் நாலு பிரேக்கும் போச்சு.

அவள் ஜாக்கியை இறக்கினாள். கத்தவில்லை.

"சரி. உங்க மாமா சொன்னா சரிதான். வண்டியை எடு, நானும் வர்றேன். நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு?" என்றார் மாஸ்டர். "எனக்கு இடுப்பு."

"உக்காந்துதானே வரப்போறீங்க. நாலு விரல் மிச்சம்னு சொன்னவர் நீங்கதானே? வாங்க."

வண்டிக்காரர்கள் இருவரும் மாஸ்டரையே பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். முகத்தில் ஈயாடவில்லை.

தெருக்கோடியில் மண் அள்ளி விட்டுப்போன பொட்டல் ஒன்று இருந்தது. மேடும் குழியுமான இடம், முட்டுவதற்கு மரமோ ஆளோ கிடையாது. அங்கே போகச் சொன்னாள். "முதல் கியர்லயே போ. வேகம் கூடாது. எதுவானாலும் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்து, கியரை எடுத்துடாதே" என்று இரண்டு தரம் சொன்னாள். ஒரு பெரிய குழியைக் காட்டி, இடது முன்சக்கரத்தை மட்டும் அதில் இறக்கச் சொன்னாள்.

ஜீப் நடக்கிற வேகத்தில் போய்ச் சாய்ந்தது. சக்கரம் குழிக்குள் இறங்கியது, இன்னும் இறங்கியது. அடியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இப்ப பிரேக்கை மிதி."

தம்பி மிதித்தான். பெடல் ஒரு பிடிமானமும் இல்லாமல் தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தான், மறுபடியும் போனது. வண்டி நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. அவன் சாவியைத் திருப்ப மறந்து பெடலையே மிதித்துக்கொண்டிருந்தான். அவள்தான் எட்டிச் சாவியைத் திருப்பினாள். ஜீப் உதறிக்கொண்டு குழிக் கரையில் மூக்கை வைத்து நின்றது.

மூன்று பேரும் இறங்கினார்கள். ஹோஸ் அதன் இரும்பு மூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு தொங்கியது. ஆயில் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. தம்பி சக்கரத்தைப் பார்க்கவில்லை, பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மாஸ்டர் குனிந்து அறுந்த முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றார். குரலில் செருமல் இல்லை.

"அக்கா, நீ சொன்னப்பவே நான்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிரவுமில்லை. கோபம்தான் வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. புறங்கையால் துடைத்ததில் கிரீஸ் முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"இதை நம்ப ஒரு குழி வேண்டியிருந்துச்சா உங்க ரெண்டு பேருக்கும்? நான் வாயால சொன்னது போதலையா?"