சக்கரம் உருண்டால்தான் சம்பளம்

என் தம்பிக்கு வீட்டில் கணக்குப்புலி என்று பெயர். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியாதவன், வராத பணத்தை மட்டும் மனக்கணக்கிலேயே பெருக்கிவிடுவான்.

எட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். கனரக வண்டி லைசென்ஸ் எடுத்த வாரம், பஸ் ஸ்டாப்பில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். லாரி டிரைவர் தேவை, கிலோமீட்டருக்கு இவ்வளவு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியவள் நான்தான். தினம் ஐந்நூறு கிலோமீட்டர், மாதம் இருபத்தாறு நாள், ஆக பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் என்று காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினான்.

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். தையல் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் காலர் தைக்கிறாள். காலெல்லாம் வீக்கம், பிரஷர் வேறு. வேலையை விட்டுவிடச் சொல்லி டாக்டரம்மா இரண்டு முறை எச்சரித்தாயிற்று.

"அடுத்த மாசத்தோட நின்னுடு, நான் பாத்துக்கறேன்" என்றான் புலி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வேன் வேலையை விட்டுச் சேர்ந்த முதல் நாளே லாரி ஆபீஸ் கிளார்க் சொல்லிவிட்டாராம்: "டேங்கருக்கு மாசச் சம்பளம். ஃப்ரீசர் வண்டின்னா காத்துக் கிடக்கறதுக்கும் படி உண்டு. அதெல்லாம் ரெண்டு வருஷம் கீறல் விழாம ஓட்டினவங்களுக்குத்தான். புது ஆளுக்கு சிமென்ட். சக்கரம் உருண்டாதான் காசு, தம்பி."

சிமென்ட் லோடு ஒன்றுக்கு எண்பது கிலோமீட்டர். ஆலை வாசலில் வரிசையோ இரண்டு நாள். இதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் சரியாகிவிடும் என்றே நான்கு வாரம் ஓட்டிவிட்டான்.

நேற்று டீ இடைவேளையில் அவள் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குக் கிளம்பினாள். கொடுத்துவிட்டால் அவள் மெஷினில் மறுநாளே வேறு ஆள். அந்த நேரம் பார்த்துத் தம்பி எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, அவ லெட்டர் குடுத்துட்டாளா?"

"குடுக்கத்தான் போறா. ஏன்டா?"

"வேணாம்னு சொல்லேன். இந்த மாசம் மொத்தமே ஆயிரத்து நாப்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கேன். இப்பவும் வரிசைல முப்பத்தேழாவது வண்டி."

"பதிமூணாயிரம்னு கணக்குப் போட்டியேடா?"

"கணக்கு சரிதான்க்கா. வண்டிதான் நகரல."

"அதை நீயே அவகிட்ட சொல்லேன்."

"என் வாயால முடியாதுக்கா" என்று அழுதான்.

ஓடிப்போய் அறை வாசலில் அவளைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பரவாயில்லை, நீ நின்றுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. என் ஒரு சம்பளத்தில் என் வீட்டிலேயே நாலு வயிறு.

அவள் கடிதத்தை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். "அண்ணி, நீங்க சொன்னதா அவருக்குத் தெரிய வேணாம். ஏற்கனவே நொந்து போயிருப்பாரு" என்றவள், என் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வீட்ல தனியா உக்காந்து சுவத்தையா பாத்துட்டிருக்கறது? குழந்தை பொறக்கற வரைக்கும் வேலைக்கே போறேனே. கோச்சுக்காதீங்க." குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தாள். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் தம்பி. "அக்கா, நீ ஒண்ணும் சொல்லிடலையே? அவளே வேலைக்குப் போறேங்கறா! நல்லவேளை, தப்பிச்சேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்து மெஷினிலிருந்து அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"கால் வீக்கம்கூட வடிஞ்சிடுச்சாமே அக்கா?" என்றான் தம்பி.

அவள் குனிந்து, இரண்டு கையாலும் தன் வலது காலைத் தூக்கிப் பெடல்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாடா" என்றேன்.