முதல் பக்கத்தில் கொலைகாரனின் பெயர்

குலசேகரம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எங்கள் மோர்டன் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் ஆழ்ந்த அனுதாபங்கள் போட்டார்கள். நான் போடவில்லை. அந்த மனிதர்மீது எனக்கிருந்த கோபம் அன்று காலையும் அப்படியே இருந்தது. வட்டத்தில் அவரோடு இருந்த உங்களிடம் அதை மறைப்பானேன்?

சுவீடன் துப்பறியும் நாவல்கள் என்றால் அவருக்கு உயிர். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு எங்களுக்கு இரவல் தருவார். ஆனால் முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதியிருப்பார். விசர் வேலை! ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஆர் கொலைகாரன் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் தம்பி வாசிப்புத் தொடங்குது. சுவீடன்காரங்கள் பழைய இங்கிலீஷ் கொலைக்கதையளோட விளையாடுறாங்கள். அந்த விளையாட்டைப் பாரும்," என்றார்.

விளக்குவதற்கு ஒரு நாவலைச் சொன்னார். பனியில் அடைபட்ட விடுதி, பத்து விருந்தாளிகள், ஒரு பிணம். விடுதி அலமாரியில் அதேமாதிரியான பழைய ஆங்கில நாவல் ஒன்றைக் கண்ட இன்ஸ்பெக்டர், அதன்படியே ஆளைப் பிடிக்கிறார். பிடிபட்டது தவறான ஆள். உண்மைக் கொலைகாரனும் அந்த நாவலை வாசித்திருந்தான். இதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பு, ஒப்புக்கொள்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

அந்த விடுதியைத்தான் என் முதல் நாவலில் எட்மண்டன் கல்யாண மண்டபமாக்கினேன். வெளியீட்டு விழாவில், என் மனைவி பிள்ளைகள் முன்வரிசையில் இருக்க, குலசேகரம் அண்ணை மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "சுவீடன்காரன் எடுத்ததைக் காட்டி விளையாடுவான். இவர் எடுத்ததை ஒளிச்சு வைச்சிருக்கிறார். இது களவு." சபை சிரித்தது. என் மூத்த மகள் தலைகுனிந்துகொண்டாள்.

இரண்டாவது நாவலில் அவரைக் கொன்றேன். புத்தகங்களில் கொலைகாரனின் பெயரை எழுதிவைக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், புத்தகக் குவியலுக்கு நடுவே பிணமாகக் கிடக்கிறார். கொன்றவன் அவரிடம் இரவல் வாங்கிய நூலக ஊழியன். பிணம் யாரென்று மோர்டனில் தெரியாதவர் இல்லை. அவர் ஒரு பிரதி வாங்கினார், பிறகு வட்டத்துக்கு வரவேயில்லை. வாசித்தாரா, நொந்துபோனாரா என்று தெரியாமல் இரண்டு வருடமாக எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை.

செத்தவீட்டில் அவர் மனைவி பவளம் அக்கா அந்தப் பிரதியை என் கையில் வைத்தார். "உம்மட்டக் குடுக்கச் சொன்னவர். ஏன் தானே தரேல்லை எண்டு கேக்காதையும். அவற்ற குணம் தெரியும்தானே."

முதல் பக்கத்தில் பென்சிலால் நூலக ஊழியனின் பெயர். அதைக் கோடுபோட்டு வெட்டிவிட்டு, கீழே என் பெயர். அதற்கும் கீழே: "இந்தமுறை எடுத்ததை நீர் ஒளிக்கேல்லை."

இதைச் சொல்ல ஒரு போன் எடுத்திருக்கலாம், பாவி மனிசன். புத்தகம் என் எழுதும் மேசையில் இருக்கிறது. பெயரை அழிக்கப்போவதில்லை. உங்களில் யார் கேட்டாலும் இரவல் தரவும் மாட்டேன்.