குமிழி எண்ணிய தாதி

வவுனியாவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் ஆஸ்பத்திரித் தாதி வாடகைக்கு இருந்தார். கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். முற்றத்துக் குழாய் சொட்டினாலும் மணிக்கட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கிவிடுவார்.

அப்போது என் மீன்தொட்டிச் செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, கொடுத்துக்கொண்டிருந்தேன். சீனியும் ஈஸ்ட்டும் கரைத்த போத்தலிலிருந்து ஒரு சேலைன் குழாய் தொட்டிக்குள் குமிழி விடும். செடிகள் தளிர்த்தன. மீன்களோ காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன.

ஒருநாள் மாடிச் சாவியைக் கொடுக்க வந்த தாதி, தொட்டியருகே நின்று ஒரு நிமிடம் குமிழிகளை எண்ணினார்.

"இரவிலயும் இது ஓடுதோ?"

"ஓம் மிஸ். செடிக்கு நல்லம்தானே."

"வெளிச்சம் இருந்தாத்தான் செடி இதை எடுக்கும். இரவில உவையளுக்கு மூச்சு முட்டுது," என்று மீன்களைக் காட்டினார். "லைற் நூர்க்கேக்க குழாயை வெளியில எடுத்து விடுங்கோ."

அன்றிரவு விளக்கை அணைக்கும்போது அப்படியே செய்தேன். மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டவர் நேரே தொட்டியடிக்கு வந்தார். மீன்கள் செடிகளுக்குள் ஓடித் திரிந்தன. என்னைப் பார்க்காமல் தொட்டிக் கண்ணாடியருகே மீன்களிடம் குனிந்தார்.

"இப்ப எப்பிடி இருக்கு? சாப்பிட்டனீங்களோ?"

பதிலுக்காகக் காத்து நின்றார். கடைசியில் நான்தான், "ஓம் மிஸ், சாப்பிட்டம்," என்றேன்.

அதன் பிறகே வேலைக்குப் போனார்.