மேலாளர் ஒட்டிய மஞ்சள் சீட்டு

என் அலமாரியில் இருக்கும் ஒரு கோப்பில், ஒரு கடிதத்தின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. கணினி இணையத்துக்குப் போக வேண்டிய நேம்சர்வர் என்று ஓர் எண், அதன் கீழே "இதை மாற்றக் கூடாது", அதற்கும் கீழே கையெழுத்து. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேலாளராக இருந்தவர் எழுதியது. மாத்திரை வாங்கிவரச் சொல்லும் சீட்டிலும் கையெழுத்துப் போடுகிற மனிதர். அறிவுதான் அரைக்காசுக்குப் பெறாது.

எது கெட்டாலும் யாராவது மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பழுதைத் தேடுவது அப்புறம்தான். ஒருநாள் மோடத்தை மாற்றினார்கள். மறுநாள் காலை, பில் போடும் லினக்ஸ் கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வரும் ஆபரேட்டர் அக்காதான் அதில் உட்காருவார். அவர் எதையோ நோண்டிவிட்டார் என்று மேலாளர் முடிவுகட்டி, எழுதித் தராவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார். கணவர் படுக்கையில், வீட்டில் அக்காவின் சம்பளம் மட்டும்தான். அக்கா எழுதினார். அக்கா எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அந்த ஆள் டீ குடித்தார்.

பிறகுதான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் என்னை அழைத்தார். ஒரு தளத்தின் எண்ணைக் கொடுத்து, எட்டுகிறதா என்று பிங் அடித்தேன், பதில் வந்தது. பெயரைக் கொடுத்தேன், வரவில்லை. ஆக, லைனில் குறையில்லை. பெயருக்கு எண் தேடித் தரும் நேம்சர்வரைத்தான் கணினி தப்பான இடத்தில் தேடுகிறது. அந்த இடத்தைக் குறித்துவைக்கும் ஃபைலைத் திறந்தால், கழற்றிப்போட்ட பழைய மோடத்தின் எண். யாரும் மாற்றாதபடி பூட்டு வேறு. அப்படிப் பூட்ட, கணினியில் எதையும் மாற்ற விடும் ரூட் பாஸ்வேர்டு வேண்டும். அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதே எண், அவர் கையெழுத்தோடு திரையோரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டிலும் பல்லிளித்தது.

பாஸ்வேர்டை வாங்கிப் பூட்டை எடுத்து, புதிய மோடத்தின் எண்ணைப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. யார் செய்த தப்பு என்பதை எல்லார் முன்னாலும் சொன்னேன். நெட் வந்துவிட்டதல்லவா, வேலையைப் பாருங்கள் என்றார். கடிதத்தைக் கேட்டால், ஃபைல் பண்ணியாச்சாம். தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

அக்கா எழுந்து போய் அவர் மேசையிலிருந்த கோப்பைத் திறந்தார்.

"என் லெட்டரு இருக்கட்டும் சார். நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாணாம் சார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வெச்சிகீறீங்க."

திரையோரத்துச் சீட்டைப் பிய்த்துவந்து, தன் கடிதத்தின் மேல் அழுத்தி ஒட்டினார்.

இப்போது அவருடைய நாற்காலியில் நான். அக்கா இன்னும் எதிரில்தான் பில் போடுகிறார். இணையம் நின்றால் இன்றும் பழைய ஆட்கள் சிலர் மன்னிப்பு எழுத வெள்ளைத் தாளோடு வந்து நிற்கிறார்கள். அந்த ஆள் பழக்கிவைத்த லட்சணம் அப்படி. நான் கோப்பை அக்காவிடம் நீட்டுவேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.

"மொதல்ல இதப் படி. அப்பால எழுதலாம்."