செம்மண் தண்ணீரில் கிடைத்த பதில்

அன்று போட்டிக் குளத்தருகே இருந்தவர்கள்: நான், என் மனைவி மல்லிகா, எங்கள் கல்லூரித் தொடர் நீச்சல் அணியின் நான்கு பெண்கள், அவர்களில் ரூபாவின் அப்பாவான ஆட்டோக்காரர் பழனி, கல்லூரிச் செயலாளர். மற்ற கல்லூரிக்காரர்களைச் சேர்க்கவில்லை. ஒன்பதாவதாக எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரனும் இருந்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1996, மாளய அமாவாசை. மைசூர்.

அப்பாவோடு ஹனூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போனதில் என் படிப்பு ஏழாவதோடு நின்றது. அந்தக் கிணறுகளில்தான் நீந்தக் கற்றேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் குளம் கழுவச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் அங்கேயே கோச் ஆனேன். அந்த வருடம் செயலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் கோப்பை இல்லையென்றால் பட்டம் வாங்கிய ஒருவரை வைத்துக்கொள்வோம் என்று.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அமாவாசை தவறாமல் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவன், போட்டியும் அதே நாளில் வந்ததால் அன்று போக முடியவில்லை. அந்தப் பயம் வேறு. "அப்பா மாதேஸ்வரா, மழை வரட்டும். போட்டி தள்ளிப்போகட்டும்" என்று வேண்டினேன்.

மழை வந்தது. ஆனால் வெளியூர் அணிகள் வந்துவிட்டதால் போட்டியைத் தள்ளிவைக்கவில்லை. குளத்தை ஒட்டிக் கொட்டியிருந்த செம்மண் கரைந்து தண்ணீரில் இறங்கியது. குளம் டீ மாதிரி ஆகிவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"மழை கேட்டீங்கொ, குடுத்துட்டாரு. இனி வெயிலுங் கேப்பீங்களாக்கு?" என்றாள் மல்லிகா.

அப்போதுதான் கண் மூடிச் சொன்னேன்: "சாமி, இனி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயே பார்த்துக்கொள்."

ரூபா ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், தரையில இருக்கிற கறுப்புக் கோடு தெரியலன்னு அவங்கல்லாம் அழுறாங்க. நம்ம பூல்ல என்னைக்கு சார் கோடு தெரிஞ்சுது?"

உண்மைதான். எங்கள் கல்லூரிக் குளத்தில் ஃபில்டர் கெட்டு வருடக்கணக்காகிறது. தண்ணீர் எப்போதும் பச்சை. "நமக்கு மட்டும் ஏன் இப்படி" என்று அந்தக் குளத்துக்காக நான் சாமியிடம் அழாத நாளில்லை. என் பெண்கள் அந்தத் தண்ணீரிலேயே கோடு பார்க்காமல் நேராக நீந்திப் பழகியவர்கள்.

விசில் ஊதினார்கள். மற்ற அணிகள் வழி தேடித் தலையைத் தூக்கின, கயிற்றில் இடித்தன. என் பெண்கள் நூல் பிடித்த மாதிரிப் போனார்கள். கடைசியாக இறங்கிய ரூபா சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது அடுத்தவள் பாதிக் குளத்தில் இருந்தாள். பழனி கரையில் நின்று, "கண்ணு, போதும், மேல வா!" என்று கத்தினார். அழுதார். நானும் அழுதேன். செயலாளர் என் தோளில் கை போட்டு, "நீவே இரி மாஸ்டரே" என்றார். நீங்களே இருங்கள் என்று.

அதன்பின் வருடந்தோறும் கோப்பைதான். ரூபா மாநில அணிக்கே போனாள். அன்பர்களே, எது வேண்டும் என்று சாமிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் பாதத்தில் வைத்துவிட்டு நம் வேலையைச் செய்வோம். நீங்களும் வைத்துப் பாருங்கள்.

இந்த வருடமும் மலையில் அன்னதானம் செய்தோம். அரிசி கொள்ளேகால் கடையில் கடனுக்கு வாங்கியது. முன்பென்றால் தூக்கம் போயிருக்கும். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். பாக்கி இன்னும் அறுநூற்று நாற்பது ரூபாய்.