துலுக்கானம் கும்பிட்ட இடம்

வெள்ளானூர்த் துலுக்கானம் ஆகாயத்தில் பறந்தவன் என்றால் ஊரில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். ஏற்றிவிட்டதே நான்தான். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக நிலத்தை வளைத்துக்கொண்டிருந்தார்கள். முகாம் ஆபீசில் வெள்ளைக்காரத் துரைக்கு ஊர்ப்பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷ் நான்.

துலுக்கானத்தின் நிலம் போயிற்று. அதற்கு அவன் வாய் திறக்கவில்லை. ஆடியில் அம்மை கண்டு செத்த அவன் பெண்சாதி வேம்புலியம்மாளைப் புதைத்த இடுகாடும் வேலிக்குள் போகிறது என்று தெரிந்ததும் என்னிடம் வந்து நின்றான். அழக்கூட இல்லை. மரத்துப்போன முகம்.

"அத்த மட்டும் உட்டுட சொல்லு நைனா."

துரைக்கு அன்று நல்ல மனசு. ஐப்பசி மழையில் இடுகாட்டுக்குப் போகும் ஏரிக்கரையெல்லாம் சேறு, ஜீப் போகாது. மறுநாள் குட்டி விமானத்தில் போட்டோ எடுக்கப் போகிறோம், இவனும் வரட்டும். இடுகாடு கீழே வரும்போது விரலால் காட்டினால் படத்தில் குறித்துக்கொண்டு வேலிக்கு வெளியே விட்டுவிடலாம் என்றான்.

படம் எடுக்கத் தோதாக விமானத்தின் கதவுகளைக் கழற்றிப் புல்லில் போட்டிருந்தார்கள். கதவில்லாத பக்கம் துலுக்கானத்தை உட்காரவைத்து வாரால் கட்டினார்கள்.

"சத்தத்துல பேச்சு கேக்காது அண்ணாத்தே. வெரல நீட்டு, அது போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

இறங்கி வந்தபோது காற்றில் அவன் கண் சிவந்திருந்தது.

"பயமா இருந்துச்சா?"

"இன்னா பயம்? ஒண்ணியும் தோணல."

"காட்னியா?"

"தெரிஞ்சுது. கும்புட்டேன்."

"வெரல நீட்டலியா?"

"சுடுகாட்ட பாத்து வெரல் நீட்டுவாங்களா நைனா? அதுவும் அவ படுத்துகினு கீற எடத்த?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. துரை சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தான். பின்னால் ஓடி, அவன் கும்பிட்ட இடம்தான் இடுகாடு என்று சொல்லியிருக்கலாம். இந்த மடையனுக்காக இன்னொரு தடவை பல்லைக் காட்ட வேண்டுமா என்று நின்றுவிட்டேன். சாயங்காலமே படங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தையில் வேலி வந்தது. பிறகு உள்ளே வரிசையாகத் தகரக் கொட்டகைகள். துலுக்கானம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறு ஆடியில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். சும்மா இருக்க மாட்டாமல், "எந்த எடம் அது?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கம்பிக்குள் கையை விட்டு விரலை நீட்டினான்.

"தோ, அந்த ரெண்டாவது கொட்டாய்க்கு கீழ."