கைப்பையில் நடப்பவர்

போன் சார்ஜில் இருக்கும்போது சேஷாத்ரி நடப்பதில்லை. தொண்டை வறண்டாலும் சோபாவை விட்டு அசைய மாட்டார்.

"வத்சலா, ஒரு டம்ளர் ஜலம்."

"நாலு அடில ஃப்ரிட்ஜ். எழுந்து எடுத்துக்கப்படாதா?"

"போன் சார்ஜ்ல இருக்குடி. இப்ப நடந்தா அத்தனையும் வேஸ்ட்."

சார்ஜ் ஏறியதும் ஆளே மாறிவிடுவார். நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் அந்தப் போனைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு, அதே ஃப்ரிட்ஜுக்குப் படுக்கையறை வழியாகவும் பால்கனி வழியாகவும் யாத்திரை புறப்படுவார். போன இடத்தில் தண்ணீர் குடிக்க மறந்து திரும்பி வந்து, மறுபடியும் போவார். மறதியும் கணக்கில் ஏறும் அல்லவா?

அவரைக் குறை சொல்ல முடியாது. மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் ஒன்றில், மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் பயணப்படி பில்களைச் சலித்தே தலை நரைத்தவர். சாந்த்ராகாச்சி வரை போய் வந்தேன் என்று ஒருவன் எழுதினால், டிக்கெட் எங்கே என்பார். டிக்கெட் இல்லையென்றால் அவன் சாந்த்ராகாச்சிக்குப் போகவில்லை. அவனுக்கு அங்கே மாமியார் வீடே இருந்தாலும் போகவில்லை. போகாத ஊருக்குப் படி கேட்டவன் எவனையும் அவர் விட்டுவைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

சால்ட் லேக்கில் அவருடைய குவார்ட்டர்ஸிலிருந்து சென்ட்ரல் பார்க்குக்கு நடந்தே போகலாம். அவர் ஆட்டோவில் போவார். "போறச்சயே களைச்சுப் போயிட்டா அங்க போய் எப்படி நடக்கறது?" என்பது அவர் வாதம். பூங்காவில் ஏரியைப் பார்த்த முதல் பெஞ்சில் வங்காள நண்பர்கள் "எஷோ எஷோ, ஷேஷாத்ரி-தா!" என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். உடற்பயிற்சியின் அவசியம் குறித்து வெயில் ஏறும்வரை விவாதம் நடக்கும். அவ்வளவு நேரமும் போன் அவர் தொடைமேல் இருக்கும், தொடை ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு எல்லோருமாக எழுந்து வாசல்வரை நடந்து, சுடச்சுடக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டு, நடந்த அசதிக்கு ஆளுக்கு இரண்டு ஜிலேபி எடுத்துக்கொள்வார்கள்.

இவரை நடக்க விரட்டியவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் பௌமிக். மூன்று மாதம் ஒழுங்காக நடந்து சர்க்கரையைக் குறைக்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று கெடு வைத்தவர். ஊசி என்றால் சேஷாத்ரிக்கு உயிர் போகும். ரத்தப் பரிசோதனைக்கு விரலை நீட்டும்போதே கூரையைப் பார்த்து சஹஸ்ரநாமத்தை ஆரம்பித்துவிடுவார்.

மற்றவர் சம்பந்தி சுந்தரம். பெண் மதுவந்தியின் மாமனார், நங்கநல்லூர்வாசி. காலை காப்பிக்கு முன்னால் குடும்பக் குழுவில் முந்தின நாள் நடையைப் படமாகப் போட்டுவிடுவார். கீழே ஒரு வரி: "நம்ம பத்தாயிரம் முடிஞ்சுது. அங்க எப்படி, சம்பந்தி?" அந்த 'எப்படி' எந்த ஊசியையும்விட ஆழமாக இறங்கும்.

பத்தாயிரத்தை சேஷாத்ரி கண்ணால் கண்டதில்லை. பால்கனி யாத்திரை, தொடை ஆட்டம் எல்லாம் சேர்த்தும் பாதியைத் தொடவில்லை. துர்கா பூஜைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விடிவு பிறந்தது. கரியாஹாட்டுக்குப் புடவை வாங்கக் கிளம்பிய வத்சலா, தன் போன் என்று நினைத்து அவர் போனை எடுத்துப் போய்விட்டாள். இரண்டுக்கும் ஒரே கறுப்பு உறை. கடை கடையாக ஏறி இறங்கி, நடைபாதைக் கடைக்காரர்களிடம் வங்காளியில் பேரம் பேசி, கிளம்பிப் போவது போல் நடித்து, கூப்பிட்டதும் திரும்பி வந்து, அவள் வீடு சேர்ந்தபோது அவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தார். போனைத் திறந்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கிறது. வாழ்த்துச் செய்தி வந்திருக்கிறது. படுத்தபடியே பத்தாயிரத்தைத் தாண்டிய அந்தச் சாதனையை அவர் உடனே குழுவில் போட்டார்.

"சபாஷ், சம்பந்தி! கலக்கிட்டேள்!" என்றார் சுந்தரம்.

மறுநாள் வத்சலா காய்கறிப் பையை எடுத்தபோது சேஷாத்ரி போனோடு வந்து நின்றார்.

"இதையும் எடுத்துண்டு போ. வழியில ஒரு அவசரம்னா?"

"எனக்குன்னு ஒரு போன் இருக்கே."

"ரெண்டு அவசரம் வந்தா?"

வத்சலா அசடில்லை. "கால் என்னது, பேர் உங்களது. நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் வெளியே போவது பிடித்திருந்தது. அங்கே யாரும் ஜலம் கேட்கவில்லை. சேஷாத்ரி அலுவலகத்துக்குப் போன் கொண்டுபோவதையே நிறுத்தினார். வேலை நேரத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடா என்று மேலதிகாரி மெச்சினார். சாயங்காலம் எண்ணிக்கை குறைந்திருந்தால் மட்டும் வீட்டில் ஒரு சிறு தவிப்பு எழும்.

"கறிவேப்பிலை வாங்கிண்டு வாயேன்."

"மூணு கொத்து இருக்கு."

"வாடிப் போயிடாதா?"

கெடு முடிந்து இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் பௌமிக்கின் புருவம் ஏறியது. சர்க்கரையும் ஏறியிருந்தது.

"நடந்தீங்களா, இல்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

பரிசோதகரிடம் டிக்கெட்டை நீட்டும் பயணியின் மிடுக்கோடு சேஷாத்ரி போனை நீட்டினார். டாக்டர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தாருண்! பிரமாதம், ஷேஷாத்ரி-பாபு! பேஷண்ட் எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நான் கிளினிக்க மூடிட்டுப் போயிடலாம்." போனை மேஜையில் வைத்தார். "ஆனா இவ்வளவு நடந்தும் குறையலன்னா, நடை போதாதுன்னு அர்த்தம். உங்க தப்பு ஒண்ணுமில்ல. நடக்கவே இல்லன்னு சொல்லியிருந்தா இன்னும் மூணு மாசம் பார்த்திருப்பேன். இப்ப வேற வழியில்ல. இன்சுலின் ஆரம்பிச்சுடலாம்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பது வத்சலாவுக்கு வசதியாக இருந்தது.

"ஏன்னா, சொல்லிடுங்கோ."

"என்னத்த?"

"நடந்தது நான்னு."

"சும்மா இரு. சாயங்காலம் மதுவந்தி கேப்பா. அவகிட்ட சொன்னா நங்கநல்லூருக்குப் போகாதா?"

"சம்பந்திக்காகக் குத்திக்கப் போறேளா? தினமும்னா! வயத்துலன்னா!"

சேஷாத்ரி கூரையைப் பார்த்தார். தன் மேஜைக்கு வந்த பில்களை எல்லாம் நினைத்துப் பார்த்தார். நான் போகவில்லை, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று தானாக வந்து திரும்ப வாங்கிக்கொண்டவன் ஒருவன்கூட நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் இப்போது வத்சலாவைக் கவனித்தார். "மேடம், போன தடவைக்கு நல்லா இளைச்சிருக்கீங்களே. நீங்களும் நடக்கறீங்களா?"

வத்சலா கணவரைப் பார்த்தாள். நிறைய நேரம் கொடுத்துப் பார்த்தாள். கூரையிலிருந்து அவர் இறங்கி வரவில்லை.

"நானா?" என்றாள் இந்தியில். "நான் வீட்டோட இருக்கேன், டாக்டர். நடக்கறதெல்லாம் இவர்தான்."

நர்ஸ் தட்டோடு வந்தாள். ஊசி போட்டுக்கொள்ளும் முறையைச் சொல்லித் தர வேண்டும், மேடம் கொஞ்சம் வராந்தாவில் இருக்கட்டும் என்றாள். வராந்தா நல்ல நீளம். வத்சலா எழுந்தாள். சேஷாத்ரி உதட்டுக்குள் சஹஸ்ரநாமத்தைத் தொடங்கி, ஒரு கையால் சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, மறுகையால் மேஜைமேல் இருந்த போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.